சென்டர் ரிப்போட்டில் "80% குறைந்தது" எண்டு போட்டிருக்கு: இதை எப்பிடி வாசிக்கிறது?

கடல்பக்கம்
வணக்கம். மகனுக்கு ஐந்தரை வயது, ஓட்டிசம். வெள்ளவத்தையில இருந்து கிழமைக்கு மூண்டு பின்னேரம் ஒரு ஏபிஏ (நடத்தையை அளந்து மாத்திற பயிற்சி முறை) சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போறம். சென்டரின்ர பெயர் வேண்டாம், அங்க வேலை செய்யிற பிள்ளையள் அவனை அன்பாத்தான் பாக்கினம். என்ர பிரச்சினை மாதக் கடைசியில வாற ரிப்போட். போன மாதம் "கோபப்படுதல் 80% குறைந்துள்ளது", "சொன்னதைச் செய்தல் 85%" எண்டு கலர் கிராஃபோட வந்தது. வீட்டில அப்பிடி ஒரு குறைவும் எங்களுக்குத் தெரியேல்லை. நிலத்தில விழுந்து கத்திறது, தலையைச் சுவரில இடிக்கிறது எல்லாம் அப்பிடியேதான். கேட்டால் "டேட்டா அப்பிடித்தான் சொல்லுது" எண்டு சொல்லீனம்.

அவையள் பொய் சொல்லீனம் எண்டு நான் நினைக்கேல்லை. ஆனா என்னத்தை எண்ணினவை, எப்பிடி எண்ணினவை எண்டு விளங்காமல் அந்த நம்பரை வச்சு நான் என்ன செய்யிறது? வீட்டில நானும் என்ர அம்மாவும்தான். நாங்களும் ஏதாவது எழுதி வைக்கலாமா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
அக்கா, பிள்ளையை ஏபிஏக்கு அனுப்பும் எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். நான் எழுதிய ரிப்போட்டைப் பற்றி ஒரு தாய் இப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

"கோபப்படுதல்" என்பதை யாராலும் எண்ண முடியாது. நிலத்தில் விழுவதை எண்ணலாம். கையால் அடிப்பதை எண்ணலாம். அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்குக் கத்துவதை எண்ணலாம். ஆகவே அவர்களிடம் வரையறையை எழுத்தில் கேளுங்கள். எது சேரும், எது சேராது என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஒரு தடவை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் இருக்க வேண்டும். 20 நிமிடம் விட்டுவிட்டு அழுத பிள்ளைக்கு ஒருவர் 1 என்று போடுவார், இன்னொருவர் 6 என்று போடுவார். "30 செக்கன் அமைதியாக இருந்தால் அது முடிந்தது, பிறகு வருவது புதிது" என்று ஒரு விதி இருந்தால்தான் இரண்டு பேரும் ஒரே எண்ணுக்கு வருவார்கள்.

அடுத்தது அந்த 80%. 5 தடவை 1 ஆனாலும் 80%, 50 தடவை 10 ஆனாலும் 80%. எத்தனை மணித்தியாலத்தில் என்பதும் தெரிய வேண்டும். 3 மணித்தியாலத்தில் 12 தடவை என்றால் மணிக்கு 4. அடுத்த மாதம் ஒரு மணித்தியாலத்தில் 6 தடவை என்றால் மணிக்கு 6. கிராஃபில் எண்ணிக்கையை மட்டும் போட்டால் பாதியாகக் குறைந்ததாகத் தெரியும். உண்மையில் கூடியிருக்கிறது. இதற்கு அடித்தளம் போட்ட உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே இந்தத் துறை, மணிக்கு எத்தனை என்ற வீதத்தை விடாமல் பிடித்திருப்பது இதற்காகத்தான்.

வீதமும் போதாத இடங்கள் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான், ஆனால் முன்பு 5 நிமிடத்தில் அடங்கியது இப்போது 40 நிமிடம் போகிறது என்றால் நேரத்தைத்தான் அளக்க வேண்டும். "சொன்னதைச் செய்தல்" என்றால் சொல்லி எத்தனை செக்கனுக்குள் என்று கேளுங்கள். 5 செக்கனா, ஒரு நிமிடமா என்பதைப் பொறுத்து அந்த 85 எங்கேயோ போய்விடும்.

பம்பலப்பிட்டி அப்பா
நான் கணக்காளர், இந்தத் துறை இல்லை. எங்கட மகளின்ர ரிப்போட்டில "இடைவெளிகளில் 50% கத்தல்" எண்டு ஒருக்கா வந்தது. அரைவாசி நேரமும் கத்தினவளோ எண்டு மனைவி அழத் தொடங்கிட்டா. அது உண்மையில என்ன அளவு?

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
அண்ணா, அது பகுதி இடைவெளிப் பதிவாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு 10 நிமிடத்தை 10 செக்கன் துண்டுகளாக வெட்டினால் 60 துண்டு. ஒரு துண்டுக்குள் ஒரு செக்கன் கத்தினாலும் அந்தத் துண்டுக்கு ஒரு அடையாளம் விழும். 30 துண்டுகளில் ஒவ்வொரு செக்கன் கத்தியிருந்தால் தாளில் 50%. மொத்தமாகக் கத்தியதோ 600 செக்கனில் 30, அதாவது 5%. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அரைவாசி நேரம் என்று அதற்குப் பொருளே இல்லை.

அதே பிள்ளையை முழு இடைவெளி முறையில் பதிந்தால், துண்டு முழுவதும் கத்தினால்தான் அடையாளம், ஆகவே 0% வரும். ஒரே பிள்ளை, ஒரே 10 நிமிடம், மூன்று எண். முதல் முறை எப்போதும் நேரத்தைக் கூட்டிக் காட்டும், இரண்டாவது குறைத்துக் காட்டும். அதனால்தான் குறைக்க நினைக்கும் நடத்தைக்கு முதலாவதையும், கூட்ட நினைக்கும் நடத்தைக்கு இரண்டாவதையும் எடுப்பது வழக்கம். நமக்குச் சாதகமாக எண் வராதபடி பார்த்துக்கொள்கிறோம். எந்த முறை என்று ரிப்போட்டில் எழுதாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

அலகு ரீச்சர்
நான் கொழும்பில ஒரு அரச தமிழ்ப் பாடசாலையில விசேட கல்வி அலகில இருக்கேன். ஒரே நேரத்துல பல பிள்ளைகள், உதவிக்கு ஆள் இல்லாத நாளும் உண்டு. ஒரு பிள்ளைய மட்டும் பார்த்து எண்ணிக்கொண்டிருக்க என்னால முடியாது. அதனால போனை நடுங்குற மாதிரி வச்சு சாரிக்குள்ள செருகிக்கொள்ளுவேன். அது நடுங்குற அந்தக் கணத்துல பிள்ளை வேலையில இருக்கா இல்லையா என்டு மட்டும் பார்த்து ஒரு கோடு. நடுவுல என்ன நடந்தது என்டு நினைவுபடுத்தவே கூடாது. பாடத்துல கவனமா இருக்கிற மாதிரி நீண்டு போற விஷயத்துக்கு இது நல்லா சரிவரும். கடிக்கிறது, அடிக்கிறது மாதிரி சட்டென்டு நடந்து முடியிறதுக்கு இது சரிவராது. அதுக்கு ஒரு கையில ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்டா மற்றக் கைக்கு மாத்துவேன். இடைவேளையில எண்ணிக் கொப்பியில போடுறது.

கடல்பக்கம் அக்கா, நீங்க நாள் முழுக்க எழுத வெளிக்கிட்டா ஒரு கிழமையில விட்டுடுவீங்க. அம்மாவும் களைச்சுப் போவாங்க.

மழைச்சத்தம்
நான் ஓட்டிசம் உள்ளவன், வளர்ந்த பிறகுதான் பெயர் தெரிந்தது. எண்ணுவது எப்படி என்று மட்டுமே இங்கே பேசப்படுகிறது. எதை எண்ணுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கையை உதறுவதை எண்ணிக் குறைக்கிறார்கள். கண்ணைப் பார்ப்பதை எண்ணிக் கூட்டுகிறார்கள். கையை உதறினால்தான் எனக்குச் சத்தத்தைத் தாங்க முடிகிறது. முகத்தைப் பார்த்தால் சொல்வது காதில் விழாமல் போகிறது. என் உதறலை யாராவது 80% குறைத்திருந்தால் அந்த கிராஃப் அழகாக இருந்திருக்கும்.

ஏபிஏக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்த உளவியலாளர் லோவாஸின் 1987 ஆய்வை எடுங்கள். 19 பிள்ளைகளில் 9 பேர், அதாவது 47%, வழமையான நிலைக்கு வந்தார்கள் என்று அது சொன்னது. அளந்தது நுண்ணறிவு ஈவும் (IQ), எந்த வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதும். அந்தப் பிள்ளைகள் நிம்மதியாக இருந்தார்களா என்பதற்கு அங்கே ஓர் எண்ணும் இல்லை. பிள்ளைகள் பயிற்சிக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவுமில்லை. உரத்த "நோ"வும் தொடையில் அடியும் அந்தச் சிகிச்சையில் இருந்தன என்று ஆய்வே எழுதியிருக்கிறது. அந்த 47ஐ மட்டும் எடுத்துத் துண்டுப் பிரசுரத்தில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
நீங்கள் சொன்ன விவரங்கள் சரி. நான் அதை மறுக்கப் போவதில்லை. இந்தத் துறை தன் ஏழு அடையாளங்களை எழுதி வைத்தது 1968இல். அதில் முதலாவதே, எடுத்துக்கொள்ளும் நடத்தை அந்த மனிதருக்கும் சமூகத்துக்கும் முக்கியமானதாக இருக்க வேண்டும் என்பது. அதை எழுதியவர்களில் ஒருவரான மொன்ட்ரோஸ் வுல்ஃப் 1978இல் இன்னும் தெளிவாக எழுதினார்: இலக்கு, வழிமுறை, விளைவு மூன்றையும் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்க வேண்டும் என்று. எழுதியது இருக்கிறது. செய்தது பல இடங்களில் வேறு. கையை உதறுவதை இலக்காக எழுதித் தரும்படி பெற்றோரே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதுவதில்லை.

ஆனால் தலையைச் சுவரில் இடிப்பதை எண்ணாமல் விட முடியாது, தம்பி. அது கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

மழைச்சத்தம்
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எண்ணுவதற்கு முன் ஒன்று: காது, பல், மலச்சிக்கல், தலையிடி எல்லாம் பார்த்தீர்களா? பேச்சு வராத பிள்ளை வலியை எப்படிச் சொல்லும்? கடல்பக்கம் அம்மா, அதை முதலில் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடல்பக்கம்
தம்பி, போன மாதம் லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில காட்டினது. காதும் பல்லும் பாத்தவை, பிரச்சினை இல்லை எண்டு சொன்னவை. கேட்டதுக்கு நன்றி, இதைப்பற்றி சென்டரில ஒருத்தரும் கேக்கேல்லை.

மாளிகாவத்தை உம்மா
எங்கட மகன்ட சென்டர்ல இங்கிலீஷும் சிங்களமும். வீட்டுல தமிழ். "தண்ணீர் கேட்டல் 20%" என்டு வந்திச்சு. வீட்டுல அவன் நாள் முழுக்க உம்மும்மாகிட்ட தண்ணி கேக்கிறான். கேட்டுப் பார்த்தா, "வாட்டர்" என்டு சொன்னாத்தான் அவங்க சரி போடுறாங்களாம். கையால காட்டினாலும் இல்ல, "தண்ணி" என்டாலும் இல்ல. நான் போய்க் கதைச்ச பிறகு மூணு பாஷையும், கிளாஸத் தூக்கிக் காட்டுறதும் சேரும் என்டு தாளில எழுதினாங்க. அதுக்குப் பிறகுதான் எனக்கு அந்த ரிப்போட்டுல நம்பிக்கை வந்திச்சு.

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
மிக நல்ல காரியம் செய்தீர்கள். இதோடு சேர்த்து, சரி என்று போட்ட இடத்தில் உதவி இருந்ததா என்றும் எல்லாரும் கேளுங்கள். கையைப் பிடித்துச் செய்வித்ததும், விரலால் காட்டியதும், தானாகச் செய்ததும் ஒரே 85%க்குள் கிடந்தால் அந்த எண்ணால் பயன் இல்லை. தானாகச் செய்தது எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு படத்தை வைத்து ஒன்றைத் தொடச் சொல்லும் பயிற்சியில் 50% என்பது கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் வரும். அதை "பாதி கற்றுவிட்டான்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பத்துத் தடவை திரும்பத் திரும்பக் கேட்டு கடைசியில் வந்த சரியை விட, காலையில் வந்தவுடன் ஒரே ஒரு தடவை கேட்டதற்கு வந்த சரி எனக்குப் பெரியது. அதே பதில் வீட்டில் அம்மம்மாவுக்கும் வந்தால்தான் அது பிள்ளையின் கையில் இருக்கிறது என்று நான் எழுதுவேன்.

பம்பலப்பிட்டி அப்பா
வேற ஒரு கேள்வி. கொழும்பில இந்த வேலை செய்யிறவையின்ர தகுதியை எப்பிடிப் பாக்கிறது? அமெரிக்கச் சான்றிதழ் கேக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னவர்.

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் அமெரிக்கச் சபை 2023 தொடக்கத்திலிருந்து அமெரிக்கா, கனடா போன்ற ஒருசில நாடுகளுக்கு வெளியே இருந்து புதிய விண்ணப்பங்களை எடுப்பதில்லை. இலங்கையில் இருப்பவர் இப்போது புதிதாக அதை எடுக்க முடியாது. ஆகவே அது இல்லை என்பதை வைத்து ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். சர்வதேசச் சான்றிதழ் வேறும் உண்டு. என்ன படித்தார், யார் அவரை மேற்பார்வை செய்கிறார் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, "நீங்கள் எழுதுகிற எண் சரி என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் நிறையத் தெரிந்துவிடும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். ஒருவர் 4, மற்றவர் 5 என்றால் சிறியதைப் பெரியதால் வகுத்து 80%. அந்த 80ஐத்தான் பொதுவாகக் குறைந்தபட்சமாக வைக்கிறார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் ஒருவர் கண்ட 4ம் முதல் கால் மணியில், மற்றவர் கண்ட 4ம் அடுத்த கால் மணியில் என்றால் கணக்கு 100% காட்டும், இருவரும் ஒன்றைக்கூடச் சேர்ந்து காணவில்லை. ஆகவே மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல் துண்டு துண்டாக ஒப்பிட வேண்டும்.

பம்பலப்பிட்டி அப்பா
கணக்காய்விலயும் இதே சங்கதிதான், மொத்தம் சரி வந்தால் போதாது.

தேடிப் பாக்கேக்க ஒண்டு வாசிச்சன், இங்க பொருந்தும். இலங்கையில ஒரு நகரை அண்டிய பகுதியில 18 முதல் 24 மாதக் குழந்தையளைப் பாத்து 2009இல வந்த ஆய்வு ஒண்டு, 93 பேரில ஒருவருக்கு ஓட்டிசம் எண்டு சொல்லுது. தாய்மாரிட்ட ஆம், இல்லை எண்டு கேக்கிற வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஓட்டிசம் இருந்த குழந்தையளில பெரும்பாலானவையைக் கண்டுபிடிக்கேல்லை. பிறகு 2017இல இங்கத்தைய வைத்தியர்கள் குழந்தையள் செய்யிறதைப் படமாக் காட்டிக் கேக்கிற ஒரு கருவியை வெளியிட்டவை. "உங்கட பிள்ளை விரலால் காட்டுமா?" எண்டு வாயால கேக்கிறதும், படத்தைக் காட்டி "இப்பிடிச் செய்யுமா?" எண்டு கேக்கிறதும் ஒண்டில்லைத்தானே. நீங்கள் வரையறை வரையறை எண்டு சொன்னது எனக்கு அப்பத்தான் முழுசா விளங்கினது.

கடல்பக்கம்
எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்ன மாதிரிச் சுருக்கமாத்தான் தொடங்கினம். ஒரு பழைய சி.ஆர். கொப்பியில மூண்டு நிரல்: முதல் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தம். பக்கத்துப் பக்கத்தில நாளை அரை மணித்தியாலக் கட்டமாக் கீறி, நடந்த கட்டத்தை மட்டும் கறுப்பாக்கிறது.

கறுப்பு முழுக்க பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில கிடக்கு. சென்டருக்குப் போகாத நாளிலயும் அப்பிடித்தான். சென்டரில அவன் இருக்கிறது இரண்டிலிருந்து நாலு மணி. அவையின்ர எண்ணும் எங்கட எண்ணும் ஏன் பொருந்தேல்லை எண்டது இதிலேயே கொஞ்சம் விளங்குது. மூண்டாவது நிரலில பெரும்பாலும் "போன் குடுத்தம்" எண்டுதான் இருக்கு. அப்ப போனுக்காகத்தான் செய்யிறானோ?

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
அக்கா, அந்தக் கட்டம் கீறுகிற முறைக்கு 1985இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைதான் வேர். நீங்கள் மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

போன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கத்தினால் எந்த வீட்டிலும் எதையாவது கொடுத்து அமைதிப்படுத்துவார்கள், ஆகவே மூன்றாவது நிரலில் போன் வருவது இயல்பு. அது காரணம் என்று இந்தக் கொப்பி நிரூபிக்காது, சந்தேகப்பட மட்டும் இடம் தரும். நிரூபிக்க வேண்டுமானால் சூழ்நிலையைத் திட்டமிட்டு மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தத் துறை ஆய்வாளர் ஐவாட்டாவும் அவருடன் இருந்தவர்களும் 1982இல் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். தலை இடிக்கிற பிள்ளைக்கு அதை மேற்பார்வையோடு மட்டும்தான் செய்யலாம், வீட்டில் வேண்டாம். போனைத் திடீரென்று நிறுத்தியும் பார்க்காதீர்கள். உண்மையில் அதுதான் காரணமாக இருந்தால், நிறுத்தியவுடன் இடிப்பது முதலில் கூடலாம்.

மழைச்சத்தம்
முதல் நிரலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. நாலரை முதல் ஆறு வரை வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் (Galle Road) என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். பஸ் கோர்ன் என் தலைக்குள் நுழைவது போல இருக்கும். வீடு வீதிப் பக்கமா?

கடல்பக்கம்
வீதிப் பக்கம்தான், இரண்டாம் மாடி. முதல் நிரலில சில இடத்தில "ஒண்டும் நடக்கேல்லை" எண்டு அம்மா எழுதியிருக்கிறா. சத்தத்தை நாங்கள் ஒரு நடப்பாவே எடுக்கேல்லை, பழகிப்போச்சு. நீங்கள் கேட்டபிறகு ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைப் பாத்தன். அண்டைக்கு வாகனம் குறைவு. கறுப்பும் குறைவு, ஆனா இல்லாமல் இல்லை.

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
எனக்கு இது தோன்றவில்லை, தம்பி, நன்றி. அக்கா, அப்படியென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போன் அப்படியே இருக்கட்டும். இப்போது இருக்கிறபடி சில நாள் எண்ணி, கோடு ஓரளவு சமமாக வந்த பிறகு, நாலரைக்கு அவனை உள் அறைக்குக் கூட்டிப் போய் யன்னலைச் சாத்துங்கள். மாற்றிய நாளில் கிராஃபில் ஒரு நெடுங்கோடு. கோட்டுக்கு முன்னாலேயே எண் இறங்கிக்கொண்டிருந்தால் பின்னால் இறங்கியதற்கு யன்னலைக் காரணம் சொல்ல முடியாது. அதனால்தான் பேஸ்லைன், அதாவது எதையும் மாற்றுவதற்கு முந்தைய அளவு, பொறுமையாக எடுக்கச் சொல்கிறேன். ஒரு மோசமான நாளை மட்டும் பேஸ்லைனாக வைத்தால் எதைச் செய்தாலும் "குறைந்தது" என்றுதான் வரும். உங்கள் சென்டர் கிராஃபில் பேஸ்லைன் எத்தனை புள்ளி, அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா, மாதச் சராசரியா, நாளாந்தப் புள்ளியா என்று பாருங்கள்.

கடல்பக்கம்
பாத்தன். பேஸ்லைன் ஒரே ஒரு புள்ளி, அவனைச் சேர்த்த முதல் நாள். அவன் அண்டைக்கு முழுக்க அழுதுகொண்டு இருந்தவன். பிறகு எல்லாம் மாதச் சராசரி. நாளாந்தத் தாளைக் கேட்டிருக்கிறன், தாறம் எண்டு சொல்லியிருக்கினம். வரையறையும் எழுத்தில கேட்டன், அங்க இருக்கிற ஒரு பிள்ளை எங்கட கொப்பியைப் பாத்திட்டு "நாங்களும் நாலரைக்கு ஒருக்கா வீட்டை வந்து பாக்கட்டோ" எண்டு கேட்டவ.

அலகு ரீச்சர்
வரச் சொல்லுங்க அக்கா. நீங்களும் அந்தப் பிள்ளையும் ஒரே அரை மணித்தியாலம் தனித்தனியா எண்ணி ஒப்பிடலாம். அடுத்த வருஷம் பாடசாலைக்குப் போட்டா அந்த வரையறையையே ரீச்சர்கிட்ட குடுங்க. வேற வேற இடத்துல வேற வேற மாதிரி எண்ணினா பிறகு ஒன்டோட ஒன்டு வச்சுப் பார்க்க ஏலாது.

மழைச்சத்தம்
கொப்பியில் இன்னொரு நிரல் போட முடியுமா? காதைப் பொத்துவது, யன்னலைத் தள்ளுவது, உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுப்பது என்று அவன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது எதுவாக இருந்தாலும் அதில் எழுதுங்கள். குறைய வேண்டியதை மட்டும் எல்லாரும் எண்ணுகிறார்கள்.

கொட்டாஞ்சேனை தெரபிஸ்ட்
கட்டாயம் போடுங்கள். வரையறை இப்படி இருக்கட்டும்: இரண்டு கையாலும் காதை மூடுவது, யன்னலையோ கதவையோ தள்ளுவது, ஆளை இழுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவது, போக வேண்டும் என்று எந்த மொழியிலும் சொல்வது அல்லது காட்டுவது. உதவி இல்லாமல் தானாகச் செய்ததை மட்டும் எண்ணுங்கள். செய்தவுடனே அவன் கேட்டது கிடைக்க வேண்டும்.

கடல்பக்கம்
எழுதிட்டன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். கையை உதறிறதையும் இதில சேர்க்கலாமோ எண்டு அம்மா கேக்கிறா. தம்பி, என்ன சொல்லுறியள்?

மழைச்சத்தம்
அம்மம்மா கேட்டது நல்ல கேள்வி. சேருங்கள், ஆனால் தனி நிரலாக. உதறல் கூடுகிற நேரத்தில் இடிப்பது குறைகிறதா என்று அப்போதுதான் பார்க்கலாம்.